கடலில் பள்ளம் இல்லை

கிண்ணியாவில் ஒருவர் மௌத்தானால், இறந்துபோனால், வீட்டார் முதலில் ஓடுவது பள்ளிவாசலுக்கு, அடுத்தது றுமைஸிடம். அவருடைய ஓட்டோவின் கூரையில் இரண்டு லவுட்ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. ஒன்று முன்னே பார்க்கும், மற்றது பின்னே பார்க்கும். ஜனாஸா அடக்கம் எத்தனை மணிக்கு, தண்ணீர் எந்த நாளில் வராது, யாருடைய ஆடு காணாமற்போனது, பெருநாளைக்கு எந்தக் கடையில் துணி வந்திருக்கிறது, எல்லாமே அவர் வாயால்தான் ஊருக்குப் போகும். பேஸ்புக் வந்த பிறகும் இது மாறவில்லை. பேஸ்புக்கில் வருவதை ஊர் சந்தேகிக்கும். றுமைஸ் சொல்லிவிட்டால் சாமான் கட்டத் தொடங்கும்.

லேசான தொழில் என்றுதான் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படி நினைத்து ஒரு முறை இன்னொருவர் மைக்கைப் பிடித்தார். இன்னாருடைய மகனும், இன்னாருடைய தகப்பனும், இன்னாருடைய மச்சானும் என்று ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டு வண்டியை ஓட்டினார். ஓர் ஒழுங்கையின் வீடுகளில் மகனின் பெயரும் மௌத்தும் மட்டும் விழுந்தன. பெண்கள் அழுதுகொண்டு போனால், அந்த மகன் வாசலில் நின்று ஆட்கள் உட்காரக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“ஓடுற வண்டியில இருந்து கதைக்கிறவன் முழுக்கதை சொல்ல ஏலாது,” என்பார் றுமைஸ். “ஒரு வீட்டுக்கு எங்கட சத்தம் ஒரு மூச்சுத்தான் கேக்கும். அந்த மூச்சுக்குள்ள விசயம் முடியணும். இல்லாட்டி மூலையில நிப்பாட்டிச் சொல்லணும்.”

அவர் அப்படித்தான் செய்தார். மூலைக்கு மூலை நிறுத்துவார். சின்னச் சின்ன வசனமாகச் சொல்வார். ஒன்றைக் கேட்காமல் விட்டவனுக்கும் அடுத்தது விளங்கும். அந்த வகையில் ஊரில் அவருக்கு நிகரில்லை.

ஆனால் றுமைஸின் மனது ஜனாஸாவிலோ துணிக்கடையிலோ இருக்கவில்லை. அவருக்குப் பைத்தியம் விஞ்ஞானம். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தவர். பரீட்சை இரண்டாம் தடவை எடுக்க இருந்த நேரத்தில் இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு கடல் வந்தது. தங்கச்சி சுஹைரா போனாள். வீடும் போனது. புத்தகங்களைப் பற்றிப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் அகதி முகாமுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். பெண்கள் உடுத்தது பிழை என்றார் ஒருவர். ஊரில் சண்டை கூடிவிட்டது என்றார் இன்னொருவர். கடலுக்குக் கோபம் என்றார்கள் மீனவர்கள். பதினாறு வயதுப் பிள்ளையோடு கடலுக்கு என்ன கோபம் என்று றுமைஸ் அவர்களைக் கேட்டார். பிறகு ஒரு நாள், நிவாரணப் பொதி சுற்றி வந்த பழைய பேப்பர் ஒன்றில் சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலடித் தட்டு நழுவியதைப் பற்றிப் படம் போட்டு எழுதியிருந்ததை வாசித்தார். ஒரு தட்டு மற்றத் தட்டுக்குக் கீழே போகிறது, இறுகுகிறது, ஒரு நாள் விடுபடுகிறது. யார் பேரிலும் கோபம் இல்லை. அந்தப் பேப்பரை வாசித்த பிறகுதான் அவர் முதல்தடவையாகத் தங்கச்சிக்காக அழுதார். அதுவரை கடலோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்ததில் அழ நேரம் கிடைக்கவில்லை.

அதன் பிறகு விட்டதில்லை. இரவில் சாப்பாடு முடிந்ததும் போனைப் பிடித்துக்கொண்டு குந்துவார். விடிய மீன் இறங்கும் இடத்துக்குப் போய், ஏலம் தொடங்குமுன் வாசித்ததை அவிழ்ப்பார். அண்டவெளி முழுவதும் ஒரு மெல்லிய ரீங்காரம் ஓடுகிறதாம், பென்னாம்பெரிய கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றுவதால் வருகிறதாம், அதைச் சுழலும் நட்சத்திரங்களை மணிக்கூடாக வைத்துப் பிடித்திருக்கிறார்களாம். சாகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் யாருக்கும் தெரியாத ஒரு நீலத்திமிங்கிலக் கூட்டம் இருக்கிறதாம், அணுகுண்டுச் சோதனையைக் கண்டுபிடிக்கக் கடலுக்குள் போட்ட மைக்குகளில் அதுகளின் பாட்டு விழுந்திருக்கிறதாம்.

மீன்காரர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டுக் கடிப்பார்கள்.

“றுமைஸ் காக்கா, இண்டைக்கு வானத்துல என்ன விசேஷம்?”

“ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்கு.”

“இன்னாலில்லாஹ்! ஜனாஸா எத்தின மணிக்கு?”

றுமைஸும் சிரிப்பார். சிரித்தாலும் கேட்கிறார்களே என்று அவருக்குச் சந்தோஷம்.

வினோதன் சேர் கப்பல்துறையில் இருந்து மோட்டார்சைக்கிளில் பாலம் கடந்து வந்து கிண்ணியாவில் பௌதிகம் படிப்பிப்பவர். பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி வைக்கிறார்கள், அறிவித்தல் போட வேண்டும் என்று ஒரு மாலை றுமைஸின் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம். திகதி, நேரம், இடம், அவ்வளவுதான்.

“இதுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க சேர்,” என்றார் றுமைஸ். “திகதி கேட்டு யாரு கண்காட்சிக்கு வாற? ஒரு விசயத்தைப் போட்டு இழுக்கணும். உள்ளுக்கு என்ன வச்சிருக்கிறீங்க?”

“பிள்ளைகள் ஒரு மாதிரியுரு செய்திருக்கினம். இந்து சமுத்திரப் பள்ளம்.”

றுமைஸுக்குக் கண் விரிந்தது. “அந்த ஈர்ப்புப் பள்ளமா? நம்மட தெற்குப் பக்கம் இருக்கிறதா?”

“ஓம். உங்களுக்கு அது தெரியுமோ?”

தெரியும் என்றாலும் சேர் சொல்லக் கேட்க வேண்டும் போல இருந்தது அவருக்கு. மனைவி றிஷானா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். சேர் ஆறவிட்டுவிட்டுச் சொன்னார். இலங்கைக்குத் தெற்கே பூமியின் இழுவிசை கொஞ்சம் குறைவு. அதனால் அங்கே தண்ணீர் குவிவதில்லை. கடலின் மேற்பரப்பே நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் அகலத்துக்கு மெல்ல மெல்லச் சரிவதால் கப்பலில் போகிறவனுக்குத் தெரியாது. பள்ளம் இருப்பது பல காலமாகத் தெரியும், ஏன் என்றுதான் தெரியாமல் இருந்தது. இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் பெங்களூர் ஆய்வாளர்கள் கணினியில் பூமியின் பழைய காலத்தை ஓடவிட்டுப் பார்த்து ஒரு விடை சொன்னார்கள். எப்போதோ இருந்து மறைந்த ஒரு சமுத்திரத்தின் தரை, பூமியின் ஆழத்துக்கு அமிழ்ந்து போய், ஆபிரிக்காவுக்குக் கீழே கிடக்கும் சூடான பாறையைக் கிளப்பிவிட்டது. அந்தச் சூட்டுப் பாறை நகர்ந்து வந்து எங்கள் கடலுக்குக் கீழே நிற்கிறது. பாரம் குறைந்த பாறை. அதனால் இழுவையும் குறைவு.

“செத்துப்போன கடல் ஒண்டு நம்மட கடலைப் பிடிச்சி இழுத்து வச்சிருக்கு,” என்றார் றுமைஸ்.

“இழுக்கேல்லை, இழுக்காமல் விட்டிருக்கு,” என்று சேர் சிரித்தார்.

“சேர், இதைத்தான் போடணும்.”

சேர் துண்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினார். நல்ல தமிழ். இலங்கைக்குத் தெற்கே கடல்மட்டம் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருப்பதாக விஞ்ஞானிகள் கூறுவதையும், ஆதிச் சமுத்திரம் ஒன்றின் அடித்தரை பூமிக்குள் அமிழ்ந்ததே அதற்குக் காரணம் எனக் கண்டறிந்திருப்பதையும், கோடிக்கணக்கான ஆண்டுகளாக உள்ள இந்த அதிசயத்தால் எவருக்கும் எந்த ஆபத்தும் இல்லை என்பதையும் நேரில் விளங்கிக்கொள்ள வாருங்கள் என்று ஒரே வசனம்.

வேறு யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் றுமைஸ் அதைக் கண்டதுண்டமாக வெட்டியிருப்பார். நெத்தலி விற்பனை என்றால்கூட வெட்டிச் சரிப்படுத்தித்தான் சொல்வார். இதை வெட்ட மனம் வரவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக அவருக்கு உண்மையில் சொல்ல ஆசையுள்ள ஒன்றைச் சொல்லக் கிடைத்திருந்தது. அது அவ்வளவு அழகாக ஓடியது.

வியாழக்கிழமை பின்னேரம் வண்டியை எடுத்தார். கடற்கரை வீதியால் தொடங்கினார். மூலைகளில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் வசனத்தின் ஓட்டம் கெட்டுவிடும் போல இருந்தது. கடல் தாழ்ந்திருக்கிறது என்பது கடற்கரை வீட்டுக்காரர்களின் காதில் விழுந்தது. ஆபத்தில்லை என்பது, ஒழுங்கை திரும்பி, ஆளில்லாத வளவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

கடல் தாழ்ந்தால் என்ன நடக்கும் என்று கிண்ணியாவில் யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. இரண்டாயிரத்து நான்கில் கடல் முதலில் பின்னுக்குத்தான் போனது. மீன் துடிக்கிறது என்று பிள்ளைகள் பொறுக்கப் போனார்கள்.

றுமைஸ் கண்ணாடியில் பார்த்தார். வீதியில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர், இருவர், பிறகு பத்துப் பதினைந்து பேர். நான் சொன்னேன்தானே சேர், ஆட்கள் வருவாங்க என்று, என மனதுக்குள் சொல்லிக்கொண்டார். விளக்கம் கேட்க வருகிறார்கள் என்றே நினைத்தார். வண்டியை மெதுவாக்கிக் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தி அதே வசனத்தை மறுபடி தொடங்கினார். பெருமையாக இருந்தது.

ஒரு பெண் அவரைக் கடந்து ஓடினாள். தலையில் துணி இல்லை. இடுப்பில் பிள்ளை. கால் வெறுங்கால். அதற்குப் பிறகுதான் றுமைஸுக்கு விளங்கியது.

“ஒண்டுமில்ல! ஓடாதீங்க! கடல் வராது!” என்று மைக்கில் கத்தினார். சொல் ஒருவருக்கும் ஏறவில்லை. எந்நாளும் நிதானமாகப் பேசுகிற றுமைஸ் கத்துகிறான் என்பது மட்டும் ஏறியது. அவன் கத்துகிறான் என்றால் வந்துவிட்டது. கடலை விட்டு உள்ளே சூரங்கல் பக்கம் போகும் வீதி முழுக்க மோட்டார்சைக்கிளும் சைக்கிளும் ஆட்களுமாக நிரம்பியது. கடை திறந்தபடி கிடந்தது. அடுப்பு எரிந்தபடி கிடந்தது. தொழுகையில் நின்றவர்கள் நடுவில் விட்டுவிட்டு வந்தார்கள்.

கடல் தன்பாட்டில் கிடந்தது. மகரிபுத் தொழுகைக்கு முன்னரே ஊர் திரும்பிவிட்டது. வியர்த்து, வெட்கப்பட்டு, அந்த வெட்கத்தை யார் தலையில் கொட்டுவது என்று தேடிக்கொண்டு திரும்பியது.

முஹம்மது தம்பி மட்டும் திரும்பவில்லை. வலைக்காரர், எழுபது கடந்தவர். ஓடும்போது யாருடையதோ மோட்டார்சைக்கிள் மோதி மதகுக்குள் விழுந்தார். தொடை எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கம்பி போட்டார்கள். இனிக் கடலுக்குப் போக ஏலாது என்று சொல்லிவிட்டார்கள்.

றுமைஸ் அடுத்த புதன்கிழமை பார்க்கப் போனார். போய்க் கட்டிலடியில் நின்றார். 

“இருடாப்பா,” என்றார் முஹம்மது தம்பி. “ஏன் மரம் மாதிரி நிக்கிறாய்?”

“மாமா, என்னை மாப்புச் செய்யுங்க.”

“அதை விடு. எனக்கு ஒண்டு சொல்லு. நீ சொன்னது பொய்யா, உண்மையா?”

“உண்மை மாமா.”

“கடல் பள்ளமாக் கிடக்கா?”

“ஓம். நம்மளுக்குத் தெற்கால. மனிசன் வாறதுக்கு எத்தினயோ காலம் முன்னம் இருந்தே கிடக்கு. ஆபத்தில்லை எண்டுதான் கடைசியில சொன்னனான். ஒங்கட பக்கம் அது கேக்கல்ல. மூலையில நிப்பாட்டி இருந்தா கேட்டிருக்கும். பிழை என்டது.”

முஹம்மது தம்பி முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். “நூறு மீற்றரா?”

“நூறுக்கு மேல.”

“அந்தப் பக்கமெல்லாம் றோலர் போட்டுல போயிருக்கன்டா. பள்ளத்துல இறங்கின மாதிரித் தெரியல்லயே.”

“மெதுவாச் சரியிது மாமா. தெரியாது.”

கிழவர் சிரித்தார். சிரிக்கக் கால் வலித்தது. “பள்ளத்துக்குள்ள போயிட்டு வந்திருக்கன், எனக்கே தெரியாது பாரு,” என்றார் பக்கத்துக் கட்டில்காரரிடம். பிறகு றுமைஸின் கையைப் பிடித்தார். “பொய்க்கு ஓடியிருந்தா எனக்குத் தாங்க ஏலாமப் போயிருக்கும். கேணயன் மாதிரி விழுந்திட்டன் எண்டு சிரிப்பானுகள். இருக்கிற ஒண்டுக்குத்தானே ஓடினன். போ. போய் வேலையப் பாரு.”

அந்த வார்த்தையை மடியில் கட்டிக்கொண்டு வந்ததுபோல வீட்டுக்கு வந்தார் றுமைஸ். றிஷானாவிடம் இரண்டு தரம் சொன்னார்.

மறுநாள் பள்ளிவாசல் நிர்வாகம் கூப்பிட்டது. தலைவர் இஹ்ஸான் ஹாஜியார் கெட்டவர் அல்ல. ஆனால் ஊர் அவரைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தது. பொலிஸில் இருந்தும் கேட்டிருந்தார்கள். வினோதன் சேரையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

“சேர், இந்த விசயத்த எழுதிக் குடுத்தது நீங்களா?”

சேர் மேசையைப் பார்த்தார். “நான் குடுத்தது திகதியும் இடமும்தான். கண்காட்சியில என்ன இருக்கு எண்டு கதைச்சனாங்கள். அவர் அதையும் சேர்த்துச் சொல்லுவார் எண்டு நான் நினைக்கேல்லை.”

றுமைஸ் அவரையே பார்த்தார். சேர் நிமிரவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கத்துத் தமிழ் ஆள். படிப்பிப்பது முஸ்லிம் ஊரில். இந்தக் கலவரம் அவர் தலையில் விழுந்தால் விசயம் வேறு மாதிரிப் போகும். அது றுமைஸுக்கும் தெரியும். எழுதிய துண்டு சட்டைப்பையில்தான் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

“சேர் சொல்றது சரி,” என்றார்.

சேர் எழுந்து, சலாம் சொல்வதுபோல் கையை நெஞ்சில் வைத்துவிட்டு, வெளியே போனார். மோட்டார்சைக்கிள் கிளம்பும் சத்தம் உடனே கேட்டது.

“றுமைஸ்,” என்றார் ஹாஜியார். “ஒன்ட மைக்க வாங்கி வைக்கச் சொல்லி நிக்கிறாங்க. எனக்கு விருப்பமில்ல. நீ ஒண்டு செய். ஊரச் சுத்தி ஒரு அறிவித்தல் போடு. அண்டைக்குச் சொன்னது பொய், அப்படி ஒரு பள்ளம் இல்ல எண்டு சொல்லு. அதோட முடிஞ்சி.”

“ஆபத்தில்ல எண்டு சொல்றன் ஹாஜியார். விளங்கச் சொல்லாதது என்ட பிழை எண்டும் சொல்றன். பள்ளம் இல்ல எண்டு எப்பிடிச் சொல்ற? இருக்கே.”

“இருக்கட்டும். கிண்ணியாவுக்கு அது என்னத்துக்கு?”

“அது உண்மை ஹாஜியார்.”

“உண்மையக் கேட்டுத்தான் ஊர் ஓடினது,” என்றார் பக்கத்தில் இருந்த ஒருவர். “பள்ளம் இருக்கு, ஆனாப் பயப்படாதீங்க எண்டு நீ சொன்னா, நாளைக்கும் ஓடும்.”

 அந்த மனிதர் சொன்னது சரி என்பது றுமைஸுக்குத் தெரியும். ஊரை அவரைவிட அறிந்தவர் யார்?

வீட்டில் றிஷானா சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

“சொல்லிட்டு வாங்க,” என்றாள். “வேற என்ன தொழில் தெரியும் ஒங்களுக்கு?”

“அது பொய் றிஷானா.”

“கடலுக்கு ஒங்கட பொய் கேக்கப் போகுதா? அது கிடக்கிற மாதிரிக் கிடக்கும். நாங்கதான் கிடக்க ஏலாது.”

சனிக்கிழமை காலையில் வண்டியை எடுத்தார். இந்தத் தடவை ஒரு மூலையையும் விடவில்லை. எஞ்சினை நிறுத்தினார். இறங்கி நின்றார். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து லவுட்ஸ்பீக்கரைத் திருப்பினார். சின்னச் சின்ன வசனம்.

“அன்பான கிண்ணியா மக்களே. நான் போன கிழமை சொன்னது பொய். கடலில் பள்ளம் இல்லை. கடல் எல்லா இடத்திலும் ஒரே மட்டம். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.”

இரண்டு தரம் சொன்னார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஆட்கள் வாசலுக்கு வந்து தலையாட்டினார்கள். ஒரு பெண், “பாவம், போகட்டும்,” என்றாள். மீன்காரன் ஒருவன் சைக்கிளை நிறுத்திக் கையைப் பிடித்தான். பதினைந்து வருடத்துக்கு மேல் அறிவித்தல் போட்டதில், இவ்வளவு தெளிவாக, இவ்வளவு பேருக்கு, இவ்வளவு சுலபமாக ஒன்று போய்ச் சேர்ந்ததில்லை. அது தன் தொழிலின் ஆகச்சிறந்த அறிவித்தல் என்று றுமைஸுக்கே தெரிந்தது. 

கடற்கரை வீதியில் முஹம்மது தம்பியின் வீடு மூலையிலேயே இருந்தது. அவரை அதற்கு முந்திய நாள்தான் வீட்டுக்கு விட்டிருந்தார்கள். விறாந்தையில் கதிரை போட்டு, காலை இன்னொரு கதிரையில் நீட்டி வைத்திருந்தார்கள். அந்த மூலையில் நிறுத்தாமல் போகலாமா என்று றுமைஸ் யோசித்தார். பக்கத்து வீட்டார் எல்லோரும் ஏற்கெனவே வேலியோரம் வந்துவிட்டார்கள்.

நிறுத்தினார். சொன்னார். இரண்டாம் தரமும் சொன்னார்.

“டேய்,” என்றார் முஹம்மது தம்பி.

றுமைஸ் மைக்கை நிறுத்திவிட்டு வேலியடிக்குப் போனார்.

“என்ன சொன்ன இப்ப?”

“அறிவித்தல் மாமா.”

“பள்ளம் இல்லயா?”

வேலியோரம் நின்றவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கிழவர் கதிரையின் கையைப் பிடித்து முன்னுக்கு வரப் பார்த்தார், ஏலவில்லை.

“அண்டைக்கு ஆஸ்பத்திரியில வச்சி என்ட மூஞ்சியப் பாத்துச் சொன்னாயே. கையப் பிடிச்சிக்கொண்டு. அதுவும் பொய்யா?”

றுமைஸ் ஒரு முறை சுற்றிப் பார்த்தார். மைக் நின்றுதான் இருந்தது. ஆனால் அந்த ஒழுங்கையில் மைக் தேவையில்லை. இங்கே சொல்வது மதியத்துக்குள் ஹாஜியாரின் காதுக்குப் போய்விடும்.

“ஓம் மாமா,” என்றார். “பொய்தான்.”

முஹம்மது தம்பி நீட்டியிருந்த காலைப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பையன்கள் யாரோ சிரித்தார்கள். கிழவர் மகளைக் கூப்பிட்டு, தன்னை உள்ளே தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். கதிரையோடு தூக்கினார்கள்.

றுமைஸ் வண்டியில் ஏறினார். இன்னும் பாதி ஊர் இருந்தது.